தண்டக்கோழி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போனால் வாசலிலேயே வசவு காத்திருக்கும் என்று திசாவுகே ஜெரேவுக்குத் தெரியும். அக்கா தமாண்டாவிடமிருந்து அல்ல, அக்காவின் கணவர் கசோண்டே மலாமாவிடமிருந்து.

"வா, எலி தின்னி. பூனையை அறைக்குள்ள அடைச்சு வச்சிருக்கேன். உன்னைப் பார்த்தா பங்குக்கு ஆள் வந்தாச்சுன்னு சண்டைக்கு வருது."

"மரம் ஏறி இறங்கி இடுப்புப் பிடிச்சிருக்கும், உக்காருங்க அத்தான். இன்னைக்குக் குரங்கு கிடைக்கலையா? அக்கா கோழி வறுக்குற வாசனை வருதே."

அவர் பெம்பா இனம், இவள் ங்கோனி இனம்; பெம்பாக்கள் குரங்கு தின்னிகள், ங்கோனிகள் எலி தின்னிகள் என்பது பழைய வசை. முப்பாட்டன் காலத்தில் ஈட்டி எடுத்துக்கொண்டு குத்திக்கொண்டவர்கள், சண்டை ஓய்ந்த பிறகு கேலிமுறைக்காரர்கள் ஆனார்கள். அன்றிலிருந்து ஒரு பெம்பாவை ஒரு ங்கோனி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சாவு வீட்டில் சவப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எழுந்திருடா சோம்பேறி" என்று கூடச் சொல்லலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. கேலிமுறையில் சொன்னது எதுவும் கணக்கில் சேராது, காற்றோடு போய்விடும்.

பதினோரு வருடங்களாக அவர்கள் இப்படித்தான். முதல் பத்து வருடக் கேலியில் பாசம் இருந்தது. மலாமா முசாங்கா காப்பர் கம்பெனியின் மக்கள் தொடர்பு இயக்குநர் ஆன பிறகு, இந்த ஒரு வருடமாக, கேலிக்குப் பல் முளைத்துவிட்டது. அவர் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கோ கீறியிருப்பது அவளுக்குத் தெரியவரும்.

நஷிமாக் களியை உருட்டிக் கோழிச் சாற்றில் தோய்த்தபடியே அவர் ஓர் உறையை அவள் பக்கம் தள்ளினார்.

"வெள்ளிக்கிழமை உன் கிளினிக்ல பிரசவ வார்டு திறப்பு. லண்டன்லேருந்து கம்பெனித் தலைவரம்மா வர்றாங்க. தலைமை நர்ஸ்ங்கிற முறையில நீ நன்றியுரை. எழுதி வச்சாச்சு. படிச்சுட்டுக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

திசாவுகே கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாசித்தாள். டைல்ஸ் தரை, பதினெட்டுக் கட்டில், கம்பெனியின் பெருந்தன்மை எல்லாம் இருந்தன. கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்: 'இந்நகர மக்களின் நலவாழ்வுக்கு முசாங்கா காப்பர் செலுத்த வேண்டிய பங்கு, கடந்த மூன்று ஆண்டுகளுக்கும், இவ்வார்டின் வழியாக முழுமையாக நிறைவேறியது என்பதை உறுதி செய்கிறேன்.'

"இது என்ன அத்தான், 'செலுத்த வேண்டிய பங்கு'?"

"நன்றி சொல்ற பாஷை."

"நன்றிக்கு எதுக்கு மூணு வருஷம்னு வரம்பு?"

"எலிக்கு எழுத்து தெரிஞ்சா இதுதான் கஷ்டம். காகிதத்தைத் தின்னாம படிக்குது." அவர் சிரித்தார், கண் சிரிக்கவில்லை. "உன்கிட்ட இருக்குற ரெண்டு மருத்துவச்சிங்களுக்கும் மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுதாமே. நகர சபைகிட்ட பணம் இல்லையாமே. நீ நல்லபடியா படி. கம்பெனி அறக்கட்டளைலேருந்து அவங்களுக்கு ஆறு மாசச் சம்பளம் நான் வாங்கித் தர்றேன்."

தமாண்டா தங்கையின் தட்டில் இன்னொரு துண்டு கோழியை வைத்தாள். "படிச்சுடு திசா. நாலு வரிதானே. இது நல்லபடியா நடந்தா இவருக்கு லூசாகாவுல பெரிய பதவி."

திசாவுகே அந்தத் துண்டைத் தொடாமல் ஒதுக்கி வைத்தாள். ஐந்து மருத்துவச்சிகள் இருந்த கிளினிக் அது. மூன்று பேரைச் சபை ஏற்கெனவே நிறுத்திவிட்டது. முவாங்காலாவும் எடினாவும்தான் மிச்சம். போன மாதம் ஒரு பெண் கட்டிலுக்குக் காத்து வரிசையில் நின்றபடியே பெற்றாள். குழந்தை சிமென்டுத் தரையில் விழுந்து பிழைத்தது அதிசயம். இந்த இருவரும் போய்விட்டால் பதினெட்டுக் கட்டிலுக்கும் திசாவுகே ஒருத்திதான். டைல்ஸ் பிள்ளை எடுக்காது.

மறுநாள் காலை உறையை எடுத்துக்கொண்டு நகர சபைப் பொருளாளர் சியாமேவைப் பார்க்கப் போனாள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். ஒரு கை உடைந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உறையிலிருந்த தாளை ஒரு முறைதான் வாசித்தார்.

"இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க சிஸ்டர். சுரங்கம், உருக்காலை, பங்களா எல்லாத்துக்கும் சபைக்குக் கட்ட வேண்டிய சொத்து வரியை மூணு வருஷமா கட்டல. கேட்டா மதிப்பீடு தப்புன்னு தீர்ப்பாயத்துக்குப் போனாங்க. அங்கே தோத்துருவோம்னு தெரிஞ்சதும் புதுக் கதை: வரிக்குப் பதிலாத்தான் வார்டு கட்டினோம், கழிச்சுக்கோங்க."

"கழிக்க முடியுமா?"

"வாங்கினவங்க ஒத்துக்கிட்டா முடியும். வாங்கினவ நீ. கையெழுத்து வேணும்னு தீர்ப்பாயம் சொல்லிருச்சு."

"நான் படிக்கலேன்னா?"

"வேற ஒருத்தர் படிப்பாங்க. இந்த ஊர்ல கம்பெனிக்கு நன்றி சொல்ல ஆளா இல்லை?"

ஜன்னலுக்கு வெளியே கசடு மலை கறுப்பாக நின்றது. உருக்காலைப் புகையின் கந்தக நெடி நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது. அவள் யோசித்தாள்.

"அவங்களே சொல்லிட்டா? இது வரி இல்ல, சும்மா மனசாரக் கொடுத்தோம்னு?"

சியாமே வாய்விட்டுச் சிரித்தார். "அப்புறம் கழிக்க என்ன இருக்கு? அன்னைக்கே வழக்கு முடிஞ்சது. ஆனா எவன் சொல்லுவான்? லண்டன்ல பங்குதாரருக்கு வருஷா வருஷம் பச்சை அட்டைப் புத்தகம் போடுறாங்க பாரு, 'பொறுப்புள்ள வரிதாரர்'னு, அதுல இந்த வார்டு தானம். தீர்ப்பாயத்துல இதே வார்டு வரி. ரெண்டும் ஒரே மேடையில சந்திக்காம பார்த்துக்கிறதுக்குத்தான் உங்க அத்தானுக்குச் சம்பளமே."

"மருத்துவச்சிங்களுக்கு ஆறு மாசம் தர்றேங்கிறார்."

"தருவார். ஏழாவது மாசம் நீ மண்டி போட்டுக் கேக்கணும். அப்புறம் பதிமூணாவது மாசம். வரிக்கு யாரும் மண்டி போட வேணாம் சிஸ்டர். அது வந்தே ஆகணும்."

நான்கு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முவாங்காலா, "மெலிஞ்சு போறீங்க, காதலா?" என்று சீண்டினாள். "ஆமாம், ஒரு குரங்கு தின்னியோட" என்றாள் திசாவுகே.

வெள்ளிக்கிழமை கிளினிக் முற்றத்தில் வெள்ளைப் பந்தல். கம்பெனிச் சின்னம் அச்சடித்த சித்தெங்கே துணியை ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் லண்டன் தலைவரம்மா, பக்கத்தில் மொழிபெயர்க்கும் ஒரு கம்பெனிப் பெண். நகர வானொலிக்காரி ஒலிபெருக்கியின் அடியில் தன் பதிவுக் கருவியை வைத்திருந்தாள். மலாமா சாம்பல் நிறக் கோட்டில் மாப்பிள்ளை போல நின்றார்.

பாட்டு முடிந்ததும் திசாவுகேயைக் கூப்பிட்டார்கள். மேடையில் மலாமா காகிதத்தை நீட்டி, காதருகில் சொன்னார்: "கடைசிப் பத்தியை விட்டுடாதே."

அவள் காகிதத்தை நாலாக மடித்துச் சீருடைப் பைக்குள் வைத்தாள்.

"எங்க அத்தான் எனக்கு ஒரு காகிதம் கொடுத்தார்" என்றாள் மைக்கில். "குரங்கு பிடிச்ச கையால எழுதினது. எழுத்தெல்லாம் கிளைக்குக் கிளை தாவுது. எனக்குப் படிக்க வரல."

பந்தல் அதிர்ந்தது. ங்கோனிப் பெண்கள் குலவையிட்டார்கள். தலைவரம்மா திரும்பிப் பார்க்க, மொழிபெயர்க்கும் பெண் இது இங்கே வழக்கம், இருவரும் கேலிமுறைக்காரர்கள் என்று விளக்க, தலைவரம்மாவும் புன்னகைத்துக் கைதட்டினார். மலாமாவுக்கு வேறு வழியில்லை. ஐந்நூறு பேர் முன்னால் கேலியை ஏற்காத பெம்பாவும் உண்டா? இன்னொரு மைக்கை எடுத்தார்.

"எலி வளைக்குள்ள படிச்சவளுக்கு வெளிச்சம் ஆகல! கவலைப்படாதே மச்சினிச்சி. கண்ணாடியும் கம்பெனியே வாங்கிக் கொடுக்கும்!"

பெம்பாக்கள் பக்கம் விசில்.

"கொடுப்பீங்க, கொடுப்பீங்க" என்றாள் திசாவுகே. "அத்தான் கொடுக்குறதுல கெட்டிக்காரர். எங்க அக்காவைக் கட்டும்போது பரிசமா ஏழு மாடு தர்றேன்னு எங்க மாமன்மாருக்கு வாக்குக் கொடுத்தார். ரெண்டு வந்துச்சு. மிச்சம் அஞ்சு எங்கேன்னு போய்க் கேட்டா, அடுத்த வாரமே எங்கம்மா வீட்டு வாசல்ல ஒரு ப்ரிட்ஜை இறக்கினார். ரிப்பன் கட்டி, போட்டோ பிடிச்சு. எங்க ஊர்ல கரண்டே இல்ல! எங்கம்மா அதுக்குள்ள மக்காச்சோளம் போட்டு வச்சிருக்கா."

சிரிப்பில் ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். மலாமாவும் சிரித்தார், கோட்டு மட்டும் கொஞ்சம் இறுகியதுபோல இருந்தது. "மாட்டைக் கொடுத்தா எலி என்ன பண்ணும்? பாலைக் கறக்கவா தெரியும்?"

"இன்னைக்கும் மாமன்மார் மாடு எங்கேன்னு கேட்டா ப்ரிட்ஜைக் காட்டுறார். ப்ரிட்ஜுக்கு நன்றி சொன்னீங்களான்னு திருப்பிக் கேக்குறார்." அவள் வார்டின் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். "இதுவும் ரொம்ப அழகா இருக்கு. ரிப்பன் கட்டியிருக்கு. ஆனா அஞ்சு மருத்துவச்சிங்க இருந்த இடத்துல ரெண்டு பேர். மாசக் கடைசியில அவங்களும் இல்ல. ஊருக்கு வர வேண்டிய வரி எங்கேன்னு கேட்டா இந்த வார்டைக் காட்டுவீங்களோ அத்தான்? இதுக்குப் பேர் தானமா? கட்ட வேண்டியதைக் கட்டாதவன் ரிப்பன் கட்டுற கதையா?"

சிரிப்பு ஓயவில்லை, ஆனால் அதன் சுருதி மாறிவிட்டது. முன்வரிசையில் தலைவரம்மாவின் புன்னகை நின்றுபோயிருந்தது. மொழிபெயர்க்கும் பெண் தயங்கித் தயங்கி எதையோ சொல்ல, தலைவரம்மா நேராக மலாமாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "இது அன்பளிப்பு இல்லை என்கிறாரா இவர்?"

மலாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. திசாவுகே அதைப் பார்த்தாள். தன் அக்காவின் கணவரை அவள் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு கணம் அவருக்காகப் பயந்தாள், பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"இது அன்பளிப்பு!" அவர் குரல் ஒலிபெருக்கியில் கிறீச்சிட்டது. "சுத்தமான அன்பளிப்பு! வரிக்கும் இதுக்கும் ஒரு ங்வே காசுக்குக்கூடச் சம்பந்தம் கிடையாது! வரி வேற, அதை வேற இடத்துல பார்த்துக்குவோம். இது நாங்க மனசு வச்சுக் கொடுத்தது. கொடுக்காமலே இருந்திருக்கலாம்! நன்றி கெட்ட ஜனம்! முதல்ல நீ கீழே இறங்கு!"

மைக்கைத் தரையில் போட்டார். அது ஒரு முறை குதித்துப் படுத்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெம்பாக் கிழவிதான் ஆரம்பித்தாள். "கோபப்பட்டுட்டான்! நம்மாளு கோபப்பட்டுட்டான்! கோழி!" பந்தல் முழுக்கப் பற்றிக்கொண்டது. "கோழி! கோழி! கோழி!" கேலிமுறையில் கோபப்பட்டவன் மறுபக்கத்துக்கு ஒரு கோழி தண்டம் கொடுக்க வேண்டும். சபையிலேயே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வதுதான் மரியாதை. மலாமா யாரையும் பார்க்காமல் காரை நோக்கி நடந்தார். முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தமாண்டா எழுந்து அவர் பின்னால் ஓடினாள். ஓடும்போது தங்கையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கேள்விகூட இல்லை.

அன்று மாலையே வானொலியில் அந்தக் குரல் வந்தது. மறுநாள் மூன்று முறை வந்தது. திங்கட்கிழமை சியாமே ஒலிப்பதிவைத் தீர்ப்பாயத்தில் கொடுத்துவிட்டு வந்து, கிளினிக் வாசலில் நின்று திசாவுகேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

புதன்கிழமை முற்பகல் மலாமா வந்தார். கூடத் தமாண்டா. பின்னால் கம்பெனி வக்கீல், ஒல்லியாக, கையில் ஒரு தாளோடு. மலாமாவின் கக்கத்தில் கால் கட்டிய ஒரு சேவல் இருந்தது. செம்பு நிறம், நல்ல கனம்.

மருந்து அறையில் எடினா ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சேவலைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"எலி தின்னி" என்றார் மலாமா. சிரிக்க முயன்றார். "தண்டம் கொண்டு வந்திருக்கேன். பெம்பா வாக்குத் தவறமாட்டான். வாங்கிக்கோ."

திசாவுகேயின் கை தானாகவே பாதி தூரம் போய்விட்டது. சின்ன வயதிலிருந்து பழகிய கை. கோழியை வாங்குவது, இருபுறமும் சிரிப்பது, அதோடு எல்லாம் சமாதானம். பிறகு அவள் வக்கீலின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கை நின்றது.

"அது என்ன காகிதம்?"

வக்கீல் பணிவாகச் சொன்னார்: "ஒன்னும் இல்ல மேடம். அன்னைக்கு நடந்தது வழக்கமான கேலி, தண்டமும் கொடுத்தாச்சு, வாங்கியாச்சு, அதனால அதுல பேசினது எதையும் யாரும் நெஜமா எடுத்துக்கக்கூடாதுன்னு ஒரு குறிப்பு. வழக்கம் அப்படித்தானே?"

வழக்கம் அப்படித்தான். தண்டக்கோழி கை மாறிவிட்டால் கோபமும் விளையாட்டுக்குள் அடங்கிவிடும். 'ஒரு ங்வே காசுக்குக்கூடச் சம்பந்தம் கிடையாது' என்ற வார்த்தை காற்றோடு போய்விடும். எவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்கிறார்! லண்டன் வக்கீலுக்கு இது தோன்றியிருக்காது. பெம்பா மூளை.

"வாங்க மாட்டேன் அத்தான்."

"விளையாடாதே."

"அதைத்தான் சொல்றேன். நான் விளையாடினேன். நீங்க விளையாடல. கோபம் வந்த இடத்துல விளையாட்டு முடிஞ்சு போச்சு. ஊரே கோழி கேட்டுச்சு. அங்கேயே சிரிச்சுக்கிட்டுத் தர்றேன்னு சொல்லியிருந்தா அது தண்டம். அஞ்சு நாள் கழிச்சு வக்கீலோட வந்தா அது கோழி வியாபாரம்."

மலாமாவின் முகத்தில் இருந்த பாதிச் சிரிப்பும் கழன்றது. "உன் நர்ஸ் படிப்புக்கு யாருடி பணம் கட்டினது? மூணு வருஷம், விடுதிச் செலவோட? அதுக்கு என்கிட்ட எவன் காகிதம் கேட்டான்?"

திசாவுகே மருந்து மேசையைச் சுற்றி வந்து, அவர் முன்னால் இரண்டு முழங்காலும் தரையில் பட மண்டியிட்டு, மெதுவாகக் கைதட்டி வணங்கினாள்.

"அது நீங்க எனக்குக் கொடுத்தது. கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்ல. சாகுற வரைக்கும் அதுக்கு மண்டி போடுவேன்." எழுந்தாள். "இது அப்படி இல்ல அத்தான்."

"திசா." தமாண்டாவின் குரல் உடைந்திருந்தது. "அவரை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. எனக்காக வாங்கு. உன் அக்கா கேக்குறேன். ஒரு கோழிதானே!"

தங்கைக்குத் தலை பின்னிவிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. வாங்கிவிடலாம் என்றுதான் திசாவுகே ஒரு நிமிடம் நினைத்தாள். அப்போது அடுத்த அறையில் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். முவாங்காலா, "இப்ப முக்காதேம்மா, மூச்சு விடு, நான் இங்கதான் இருக்கேன், எங்கேயும் போகல" என்று சொல்வது சுவரைத் தாண்டிக் கேட்டது.

"முடியாதுக்கா."

தமாண்டா கையை உதறிவிட்டாள். "நல்லா இரு. உன் மருத்துவச்சிங்களையே அக்கான்னு கூப்பிட்டுக்கோ. என் வாசல்ல கால் வைக்காதே."

மலாமாவிடமிருந்து ஒரு திட்டுக்கூட இல்லை. "வர்றேன் சிஸ்டர் ஜெரே" என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் திரும்பினார். வக்கீல் தாளை உறைக்குள் போட்டார். கார் வரை போவதற்குள் சேவல் இரண்டு முறை கத்தியது.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. கம்பெனி இயக்குநரே பொதுவில் அன்பளிப்பு என்று சொன்ன ஒன்றை வரியில் கழிக்க இடமில்லை, மூன்று வருட வரியையும் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. வார்டைத் தானம் என்று போடும் பச்சை அட்டைப் புத்தகம் அச்சுக்குப் போகும் நேரமாம். முதல் தவணை வந்த அன்று சபை முவாங்காலாவுக்கும் எடினாவுக்கும் இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தது. நிறுத்திய மூவரில் ஒருத்தியைத் திரும்ப அழைத்தது. மற்ற இருவரும் ஏற்கெனவே நாட்டை விட்டுப் போயிருந்தார்கள்.

மலாமாவை வேலையிலிருந்து எடுக்கவில்லை. வடமேற்கில், தார்ச்சாலை முடிந்த பிறகும் அரை நாள் போக வேண்டிய ஒரு புதுச் சுரங்கத்துக்கு மாற்றினார்கள். அவர்கள் என்று புறப்படுகிறார்கள் என்று திசாவுகேக்கு யாரும் சொல்லவில்லை. சாமான் ஏற்றிய லாரி கிளினிக் சாலை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் பார்க்க நேர்ந்தது. அவள் கையில் அந்த வாரப் பணிப் பட்டியல் இருந்தது. மூன்று பேரை முறைமாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். தமாண்டா முன் இருக்கையில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திசாவுகே வாசல் கேட் வரைக்கும் ஓடினாள்.

"அக்கா!"

லாரி வேகம் குறைக்கவில்லை. புழுதி அடங்கும் வரை நின்றுவிட்டு, பட்டியலில் பாதியில் விட்ட பெயரை எழுதி முடித்தாள்.